பேனட் மேல் காய்ந்த கிண்ணம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரில் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூக்கு வரை ஏறி வர அதற்கு எங்கே நேரம், அதற்கு முன்னாலேயே வந்து நிற்கும். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் மனைவி சொல்லுவாள், அவள் சொன்னால் உதாரணங்களோடு சொல்லுவாள்.

எனக்கு ஒரே தங்கை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பத்து வயது, எனக்கு இருபத்திரண்டு. ஏற்காடு மலையில் கரடியூரில் எங்களுக்கு ஒரு துண்டுக் காடு உண்டு. அதில் சாமையும் நாலு வரிசை காப்பிச் செடியும் போடுவோம். அது வயிற்றுக்குப் பத்தாது என்று நான் மஞ்சக்குட்டைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் மரவேலைக்குப் போனேன். கதவு, ஜன்னல், நாற்காலி, மண்வெட்டிப் பிடி எல்லாம் அங்கேதான் செய்வோம். கடைசல் வேலைக்கு மோட்டாரில் ஓடும் ஒரு லேத்தும் உண்டு. பள்ளிக்கூடம் விட்டதும் தங்கை நேராகப் பட்டறைக்கு வந்துவிடுவாள். நான் அறுத்துப் போட்ட மீதித் துண்டுகளைப் பொறுக்குவதுதான் அவளுக்கு விளையாட்டு. சில்வர் ஓக் துண்டைத் தொடவே மாட்டாள், அது சோப்ளாங்கி மரம் என்பாள். கெட்டி மரம்தான் வேண்டும். ஈட்டி மரத்துக்குக் கருப்பட்டி என்று பெயர் வைத்திருந்தாள், பலாவுக்கு மஞ்சள், வெளுத்த காப்பிக் கட்டைக்கு மோர். ஒரு சாக்கு நிறையச் சேர்த்துத் தன் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். வளர்ந்த பிறகும் அதை அடுப்பில் போட விடவில்லை.

அவளுக்கு இருபது வயதானபோது சேலத்திலிருந்து கொட்டச்சேடு வரை போகும் பஸ்ஸின் கண்டக்டர் அவளைப் பெண் கேட்டு வந்தார். முறையாகத்தான் வந்தார். வெற்றிலை பாக்கு, பழம், கூட இரண்டு பெரியவர்கள். ஆளிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை, எனக்கு அதுதான் இன்னும் எரிச்சல். விஷயம் ஒரு வருஷமாக நடந்திருக்கிறது. தங்கைக்குத் தெரியும், என் மனைவிக்குத் தெரியும், பஸ்ஸில் தினமும் போகிற பாதி ஜனத்துக்குத் தெரியும். எடுத்து வளர்த்தவன் எனக்குத்தான் கடைசியில் தெரிகிறது. வந்தவர்களை உட்காரக்கூடச் சொல்லாமல் குதித்தேன். தங்கையைப் பார்த்து, போவதென்றால் போ, இந்த வாசப்படியைத் திரும்ப மிதிக்காதே என்றேன். அவள் என்னைப் போலவே ஒரு பிடிவாதக்காரி. போய்விட்டாள்.

கல்யாணம் சேலத்தில் நடந்தது. என் மனைவி போய் வந்தாள். நான் அன்றைக்குப் பட்டறையில் ஒரு ஜன்னல் சட்டம் செய்தேன். அந்த ஜன்னல் கடைசி வரை சரியாக மூடவே இல்லை.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் நான் அந்த பஸ்ஸில் ஏறவில்லை. ஏற்காடு டவுனுக்குப் போவதென்றால் ஜீப்புக்குக் காத்திருப்பேன். பதினாறு பேரோடு பதினேழாவது ஆளாகப் பின்னால் தொங்கிக்கொண்டு போவேன். அந்த பஸ் பாதிக் காலியாக எங்களைத் தாண்டிப் போகும். அதன் படிக்கட்டில் நிற்கும் மனிதர் என்னைப் பார்த்தும் பார்க்காதது போலத் தலையைத் திருப்பிக்கொள்வார். எனக்குச் சங்கடம் வரக்கூடாது என்று அப்படிச் செய்தார் என்பது பின்னால்தான் புரிந்தது. அப்போது அதையும் திமிர் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம் என் மனைவி டவுனுக்குப் போய்விட்டு அந்த பஸ்ஸிலேயே திரும்பி வந்தாள். முந்தானையில் மடித்து வைத்திருந்த மஞ்சள் தடவிய பத்திரிகையை எடுத்து என் முன்னால் வைத்தாள். தங்கையின் ஒன்றரை வயதுப் பெண்ணுக்கு வைகாசியில் மொட்டை, காதுகுத்து. பத்திரிகையில் தாய்மாமன் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. தங்கை என்னைக் கேட்காமலேயே அச்சடித்துவிட்டாள். வருவேனா மாட்டேனா என்று தெரியாமல் ஊர் முழுக்கக் கொடுத்தும்விட்டாள்.

"ஏனுங்க, உங்க தங்கச்சி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா" என்றாள் மனைவி. "மாமன் மடியில வெச்சாத்தான் காது குத்துவாளாம். நீங்க வரலைன்னா புள்ளைய வெறுங்காதோடயே வளத்திக்கறாளாம். வேற ஆரு மடியிலயும் வெக்க மாட்டாளாம்."

எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. மாமன் மடி இல்லாமல் காது குத்தினால் அந்தக் குழந்தையின் அம்மாவுக்குப் பிறந்த வீடு இல்லை என்று அர்த்தம். சபை முழுக்க அதைத்தான் பேசும். நான் எழுந்து உள்ளே போனேன். கட்டிலுக்கு அடியில் அந்தச் சாக்கு அப்படியே இருந்தது. மூன்று வருஷத்தில் எத்தனையோ மழை நாள் விறகில்லாமல் தவித்திருக்கிறோம், அதை நான் தொட்டதில்லை. அன்றைக்கு இழுத்துத் தரையில் கொட்டினேன். கருப்பட்டி, மஞ்சள், மோர் எல்லாம் உருண்டு ஓடின. எனக்குக் கண் கலங்கிவிட்டது. போகத்தான் போகிறேன் என்று அப்போதே முடிவாகிவிட்டது, ஆனால் அதை வாய் திறந்து சொல்வேனா?

தோடும் துணியும் எல்லா மாமனும் கொண்டு போவதுதான். அதை மனைவி பார்த்துக்கொள்வாள். நான் அந்தத் துண்டுகளிலேயே ஒரு கிண்ணம் செய்து, அதில் பொட்டுக்கடலையும் வெல்லமும் நிரப்பிச் சீர்த்தட்டில் வைப்பது என்று நினைத்தேன். எஸ்டேட் பங்களாவில் ஒரு கதவு சரி செய்யப் போனபோது மேஜை மேல் அப்படி ஒரு கிண்ணத்தைப் பார்த்திருக்கிறேன். முழுக்கட்டையில் குடைந்தது இல்லை. சின்னச் சின்னத் துண்டுகளை வளையமாக ஒட்டி, வளையத்தின் மேல் வளையம் அடுக்கி, கடைசலில் கொடுத்து உருட்டியது. கதவை மறந்துவிட்டு அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்ப்பதற்கு லேசு. செய்கிறபோதுதான் தெரியும். ஒரு வளையத்துக்குப் பன்னிரண்டு துண்டு. ஒவ்வொரு துண்டையும் இரண்டு முனையிலும் சாய்த்து அறுக்க வேண்டும். ஒவ்வொரு அறுப்பிலும் மயிரிழை தப்பினால் போதும், இருபத்து நாலு மயிரிழையும் சேர்ந்து கடைசித் துண்டு வந்து சேருகிற இடத்தில் பல்லை இளிக்கும். முதல் இரண்டு வளையங்களைக் கோபத்தில் உடைத்து எறிந்தேன். மூன்றாவதற்கு மரத்திலேயே ஒரு சாய்வுப் பெட்டி செய்துகொண்டு, ரம்பம் அதற்குள் மட்டும் போய் வரும்படி வைத்தேன். பிறகு சரியாக வந்தது. வெள்ளைப் பசை தடவி, சேர்த்து, சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்து வளையத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். அதைப் போல ஒரு பிடி எந்த இரும்புக் கிடுக்கியும் கொடுக்காது.

ஆறு வளையம். செங்கல் சுவர் கட்டுவது போல ஒரு வளையத்தின் இணைப்பு அடுத்த வளையத்தின் துண்டுக்கு நடுவில் வரும்படி அடுக்கினேன். அடியில் மஞ்சளான பலா, நடுவில் இரண்டு வரி ஈட்டி, மேலே காப்பிக் கட்டை. சித்திரை மாதம், மத்தியானம் ஆனால் கோடை மழை, அதன் பின்னால் மூடுபனி. பட்டறைக்குள் லேத்தின் இரும்பெல்லாம் வியர்த்திருந்தது. அதில்தான் கிண்ணம் உருண்டு வந்தது. உளி பட்டதும் மூன்று நிறச் சுருளும் பறந்து என் சட்டையில் ஒட்டிக்கொண்டன.

அடித்தட்டு விஷயத்தில்தான் எனக்குக் கொழுப்பு ஏறிவிட்டது. சுற்றுச்சுவர் துண்டு துண்டாக இருக்கிறது, அடியாவது ஒரே பலகையாக இருக்கட்டும், அண்ணன் கெட்டியாகச் செய்திருக்கிறான் என்று தெரியட்டும் என்று அகலமான பலா வட்டம் ஒன்றை எடுத்தேன். இண்டு இடுக்கு இல்லாமல் பொருத்தி, சுற்றிலும் பசை போட்டு ஒட்டினேன். ஓர் ஊசி போகாது. எங்கள் மலையில் மரத்துக்கு ஒரே ஒரு பழக்கம்தான் தெரியும், அது ஊறி உப்பும். என் வேலைக்கு வரும் குறையெல்லாம் கதவு பிடிக்கிறது, டிராயர் வரமாட்டேன் என்கிறது என்பதுதான். நான் செய்த ஒரு சாமானும் அதுவரை மலையை விட்டு இறங்கியதில்லை.

எண்ணெய் பூசி முடித்ததும் மனைவியிடம் கொடுத்து, உன் நாத்தனாரிடம் காட்டிவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வா, நான் வருவேன் என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்வாள் என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை. மனைவி திரும்பி வந்து நடந்ததைச் சொன்னாள். தங்கை கிண்ணத்தை வாங்கி ஒவ்வொரு துண்டாக விரல் வைத்து, இது மோர், இது கருப்பட்டி என்று எண்ணினாளாம். பிறகு இரண்டு பேரும் நன்றாக அழுதார்களாம். எனக்கு ஒரு வாரம் கால் தரையில் படவில்லை.

பத்தாம் நாள் மத்தியானம் மழை பெய்துகொண்டிருக்கும்போது அந்த பஸ் எங்கள் எஸ்டேட் கேட்டுக்கு முன்னால் நின்றது. அங்கே ஸ்டாப்பிங்கே கிடையாது. கண்டக்டர் இறங்கி, தோளில் பையும் காக்கிச் சட்டையுமாக நனைந்துகொண்டே பட்டறைக்கு வந்தார். துண்டில் சுற்றி எடுத்து வந்ததை என் மேஜை மேல் வைத்துப் பிரித்தார். கிண்ணத்தின் அடி நட்டநடுவில் இந்த முனைக்கு அந்த முனை வெடித்திருந்தது. வெடித்த வேகத்தில் கீழ் வளையத்தையும் இரண்டு இடத்தில் பிய்த்துக்கொண்டு போயிருந்தது.

மூன்று வருஷம் கழித்து என்னைத் தேடி வந்த மாப்பிள்ளையிடம் நான் பேசிய முதல் வார்த்தை, வெயிலில் கொண்டுபோய் வைத்தீர்களா என்பதுதான். அதுவும் கத்தலாக.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வெயில்ல வெக்கலீங்க மச்சான். பீரோ மேலதானுங்க இருந்துச்சு. மேல சிமெண்ட் அட்டைங்க. எங்க ஊட்டுக்குள்ளயே வெயில்தானுங்க."

கத்திரி வெயிலில் சேலத்து அட்டைக்கூரை வீடு. மழையில் ஊறிய மரத்தை ஊறிய கையோடு ஒட்டி, அந்தச் சூளைக்குள் அனுப்பிவைத்திருக்கிறேன். பலகை சுருங்கப் பார்த்திருக்கிறது. சுற்றிலும் நான் போட்ட பசை அதைச் சுருங்க விடவில்லை. வேறு வழி இல்லாமல் அது நடுவில் கிழிந்துகொண்டது.

அவர் போகாமல் நின்றார். பஸ்ஸில் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். "நான் இத எடுத்தாந்தது உங்க தங்கச்சிக்குத் தெரியாதுங்க" என்றார். "வெடிச்ச அன்னைக்கு அவ சோறு திங்கலீங்க. அண்ணன் இதக் கேள்விப்பட்டா வெக்கப்பட்டுக்கிட்டே வராமப் போயிருவாருன்னு அழுகறா. இது வந்த அன்னைக்குத்தானுங்க நொம்ப நாளு கழிச்சுச் சிரிச்சா."

என் தங்கைக்கு என்னைத் தெரிந்த அளவுக்கு எனக்கு என்னைத் தெரியாது. அவர் துண்டைப் பிரித்த நொடியில் என் மனதில் ஓடியது அதேதான். இந்த வெடித்த மூஞ்சியோடு எப்படிச் சபையில் போய் உட்காருவது, காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று. அதைக் கேட்டதும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. காதுகுத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டேன். இருபத்தொன்று என்றார். சாக்கில் இன்னும் பாதித் துண்டு இருந்தது.

துண்டுகள் முதலில் காய வேண்டும், பிறகுதான் ஒட்ட வேண்டும். அவ்வளவு எனக்குப் புரிந்துவிட்டது. எங்கே காய வைப்பது? மலையில் காலை வெயிலில் காய்வதை மத்தியான மழை திரும்பக் கொடுத்துவிடும். அடுப்புக்கு மேல் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து முறுக்கிக்கொள்ளும். தங்கை வீட்டில் வைத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். திரும்ப ஒருமுறை அவளை எதிர்பார்க்க வைத்து ஏமாற்ற எனக்குத் தைரியம் இல்லை. இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு, பஸ் பேனட் மேல் வைக்கலாமே என்றார். டிரைவர் பக்கத்தில் எஞ்சினை மூடியிருக்கும் அந்தத் தகரப் பெட்டிதான். ஒரு தடவை யாரோ ஈரக் காப்பிக்கொட்டை மூட்டையை அதன் மேல் வைத்துவிட்டார்களாம். சேலம் போய்ச் சேர்வதற்குள் கொட்டை கலகலவென்று ஆகிவிட்டதாம். ஒரு நாளைக்கு நாலு தடவை இருபது கொண்டை ஊசியும் ஏறி இறங்குகிற எஞ்சின், அதற்குச் சூடு எங்கே போகும் என்றார்.

இரண்டு நாளில் எழுபத்திரண்டு துண்டையும், நாலைந்து உபரித் துண்டையும் கொஞ்சம் பெரியதாகவே அறுத்து, அடித்தட்டுக்கு ஒரு பலா வட்டத்தையும் சேர்த்துச் சாக்கில் போட்டுக் கட்டினேன். வெயிலும் அனலும் ஒரே இடத்தில் படக்கூடாது, தினமும் குலுக்கிப் புரட்ட வேண்டும். அதனால் தினமும் நானே பஸ் ஏற வேண்டியதாயிற்று. மூன்று வருஷம் வீம்பாக ஏறாத பஸ்ஸில் சாயங்காலம் வேலை விட்டதும் மஞ்சக்குட்டையில் ஏறுவேன், சாக்கை அவிழ்த்துப் புரட்டுவேன், டவுனில் இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்புவேன். ஜீப்புக்காரர்கள் என்னைப் பார்த்து, என்னங்க, தொங்கறதுக்கு ஆளில்லாம ஜீப்பு பேலன்ஸே போயிருச்சுங்க என்று கிண்டல் செய்தார்கள். போகிற போக்கில் ஒரு முறை முறைத்துவிட்டுப் போவேன்.

பேனட் மேல் உட்காருவதற்கு ஏற்கெனவே ஒரு பாத்தியதைக்காரி இருந்தாள். பலாப்பழம் விற்கும் ஓர் அம்மாள். தன் இடத்தில் எவன் சாக்கைப் போட்டது என்று முதல் நாள் என் ஏழு தலைமுறையையும் இழுத்தாள். கண்டக்டர் விஷயத்தைச் சொன்னார். மாமன் சீரா, அதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்றாள். அதன் பிறகு மலை இறங்கும்போதெல்லாம் அவளே புரட்டிப்போட்டாள். ஆனால் டிக்கெட் விஷயத்தில் மாப்பிள்ளை ஒரு நாளும் என்னைச் சும்மா விடவில்லை. கையை நீட்டி, கொடுத்த பிறகுதான் பேச்சு. அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

அவர் என்னிடம் பழசை ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையைப் பற்றித்தான் சொல்லுவார். எதைக் கொடுத்தாலும் ஆட்டிப் பார்த்து, சத்தம் வந்தால்தான் கையில் வைத்துக்கொள்ளுமாம், இல்லையென்றால் விட்டெறிந்துவிடுமாம். கோபம் யாரைப் போல என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்பார்களாம். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே டிக்கெட் கிழிக்க முன்னால் போய்விட்டார்.

பதின்மூன்றாம் நாள் இரண்டு ஈட்டித் துண்டுகளை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினேன். முதல் நாள் தொக் தொக் என்று இருந்தது, இப்போது டிங் என்று மணிபோலக் கேட்டது. அன்று இரவுச் சாப்பாட்டில் மனைவியிடம் இந்த முறை அடித்தட்டை எப்படிப் போடுவது என்று புலம்பினேன். காய்ந்ததுதான், ஆனாலும் மலைக்கு வந்தால் ஊறும், கீழே போனால் சுருங்கும், அகலப் பலகை சும்மா இருக்காது. அவள் மோர் ஊற்றிக்கொண்டே கேட்டாள். "ஊருக்கெல்லாம் கதவு செய்யறப்ப நடுப்பலகைக்குப் பசை போட மாட்டீங்க. காடியில சும்மா சொருகித்தான வுடுவீங்க. தங்கச்சிக்குச் செய்யறப்ப மட்டும் ஏனுங்க அப்பிடி இறுக்கி ஒட்டுனீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. கதவுச் சட்டத்தின் உள்விளிம்பில் வெட்டிய பள்ளம், அந்தக் காடியில்தான் நடுப்பலகை நிற்கும். மழைக்கு அகலும், வெயிலுக்குச் சுருங்கும், அதற்கு இடம் விட்டுத்தான் செய்வோம். வேலை கற்ற முதல் மாதத்தில் தெரிந்துகொண்ட விஷயம். நூறு கதவு செய்தவனுக்கு இந்தக் கிண்ணத்தில் மட்டும் அது மறந்துபோயிற்று. அவள் கதவைப் பற்றித்தான் கேட்டாள். நான் பாதிச் சோற்றில் கை கழுவினேன்.

காய்ந்த துண்டுகளைத் திரும்ப மலைமேல் கொண்டுவரக் கூடாது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரிடம் நாலு நாள் லீவு சொல்லிவிட்டுச் சேலத்துக்கு இறங்கினேன். மாப்பிள்ளைக்குத் தெரிந்த ஒருவர் தறிக்கு மரச்சாமான் கடைந்து கொடுக்கும் பட்டறை வைத்திருந்தார். அங்கே எனக்கு ஒரு மூலையும், ஓய்ந்த நேரத்தில் அவருடைய லேத்தும் கிடைத்தன. காய்ந்ததில் துண்டுகளின் சாய்வு கொஞ்சம் மாறியிருந்தது. ஒவ்வொன்றையும் உப்புத்தாள் ஒட்டிய பலகையில் தேய்த்துச் சரி செய்தேன். சேலத்து வெயிலில் பசை கண் முன்னாலேயே காய்ந்தது. கீழ் வளையத்தின் உள்பக்கம் காடி எடுத்து, அடித்தட்டின் ஓரத்தை மெல்லிசாக்கி, அதில் சும்மா உட்கார வைத்து மேல் வளையத்தை ஒட்டினேன். தட்டுக்கு ஒரு பொட்டுப் பசை இல்லை. பழைய கிண்ணத்தைவிட இது ஒரு விரல் சிறியது. துண்டு காய்ந்ததில் அவ்வளவு போய்விட்டது. பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். பரவாயில்லை என்று நான் ஒரு வேலையை விட்டது அதுதான் முதல் தடவை.

தங்கை வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். மாப்பிள்ளை தினமும் கூப்பிட்டார். நான் போகவில்லை, மாமனாகத்தான் வருவேன் என்றேன். உள்ளுக்குள் பயம்தான். கிண்ணம் சரியாக வந்துவிடும், எனக்கு என்ன பேச வரும் என்று தெரியவில்லை.

காதுகுத்து அன்று காலையில் மனைவி முதல் பஸ்ஸில் சீர்த்தட்டோடு சேலம் வந்து சேர்ந்தாள். இரண்டு பேருமாகக் கோயிலுக்குப் போனோம். வாசலில் தங்கை நின்றிருந்தாள். கையில் மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய குழந்தை. மலைப்பாதை பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவள், நாங்கள் சேலத்துக்குள்ளிருந்தே எதிர்ப்பக்கமாக வந்ததால் கிட்டே வரும் வரை கவனிக்கவில்லை. "வந்துட்டீங்களாண்ணா" என்றாள். ஆமாம் கண்ணு என்றேன். மூன்று வருஷமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் அவ்வளவில் முடிந்துபோயிற்று.

தட்டில் இன்னும் நிரப்பாமல் இருந்த கிண்ணத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. இன்னொன்றா என்று எடுத்துப் பார்த்தாள். துண்டு துண்டாகத் தடவினாள். உள்ளே விரலை விட்டு அடித்தட்டை அழுத்தினாள். அது இம்மி அசைந்தது. அவள் பதறிப்போய் என்னைப் பார்த்தாள். பயப்படாதே சாமி, நான்தான் அப்படி விட்டிருக்கிறேன், சேலத்தில் கொஞ்சம் ஆடும், மழைக்கு மலைக்கு எடுத்து வந்தால் கம்மென்று இருக்கும், வெடிக்காது என்றேன். அவள் கிண்ணத்தைக் காதோரம் வைத்து ஆட்டினாள். லொடக் என்றது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பீரோ மேலிருந்து காணாமல் போன பழைய கிண்ணம் யாரிடம் போனது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, அதை என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். பட்டறையில் விறகோடு கிடக்கிறது என்றேன். அதையும் கொண்டுவந்து கொடுக்கச் சொன்னாள், வெடித்திருந்தாலும் பரவாயில்லை என்றாள்.

மணையில் உட்கார்ந்தேன். சபை முன்னால் என் மடியில் குழந்தையை வைத்தாள். புது ஆளைக் கண்டதும் அது உதட்டைப் பிதுக்கியது. பொட்டுக்கடலையும் வெல்லமும் நிரப்பி வைத்திருந்த கிண்ணத்தை மாப்பிள்ளை அதன் கையில் கொடுத்தார். குழந்தை அதை ஆட்டிப் பார்த்தது. அடித்தட்டு லொட லொட என்றது. திரும்ப ஆட்டியது. பொட்டுக்கடலை நாலா பக்கமும் தெறித்தது. கிண்ணத்தை விட்டெறியவில்லை.

காது குத்துகிறவர் கம்பியை எடுத்தார். குழந்தை திமிறியது. தலை அசைந்தால் இடம் தப்பிவிடும் என்று நான் இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தேன். அது இன்னும் திமிறிக் கதறியது. நான் இன்னும் இறுக்கினேன். முதல் காது எப்படியோ முடிந்தது. எனக்கே மூச்சு வாங்கியது.

தங்கை குனிந்து என் கையைத் தொட்டாள். யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"அவ்வளவு இறுக்கிப் புடிக்காதீங்கண்ணா. கொஞ்சம் வுட்டுப் புடிங்க. எங்கயும் போயிர மாட்டா."

நான் கையைத் தளர்த்தினேன். இறங்கி ஓடப்போகிறது என்றுதான் நினைத்தேன். குழந்தை ஒரு தடவை விக்கியது, கிண்ணத்தை ஒரு தடவை ஆட்டியது, பிறகு ஈரக் கன்னத்தோடு என் சட்டையில் சாய்ந்துகொண்டது. இன்னொரு காது பாக்கி இருந்தது.